காகித நட்சத்திரத்தை அணைத்துவிட்டு

டிசம்பர் பிறந்ததும் நம் வீட்டு வாசல்களில் காகித நட்சத்திரம் ஏறிவிடும். பார்க்க அழகுதான். ஆனால் வானத்து நட்சத்திரத்தை நினைவூட்டத் தொங்கும் அந்த விளக்கே அதை நம் கண்ணுக்கு மறைத்தும்விடுகிறது. கிறிஸ்துமஸ் நள்ளிரவு ஆராதனை முடிந்து வீடு திரும்பியதும் அதை ஓர் அரைமணி நேரம் அணைத்து வையுங்கள். மொட்டைமாடியில் பாயை விரித்து மல்லாந்து படுங்கள். செல்போன் கீழேயே இருக்கட்டும். இருட்டுக்குக் கண் பழக இருபது நிமிடமாவது ஆகும். நடுவில் ஒருமுறை திரையைப் பார்த்துவிட்டால் மறுபடி முதலிலிருந்துதான்.

அப்போது மணி ஒன்று இருக்கும். உச்சியிலிருந்து சற்று மேற்கே, ஒரே கோட்டில் மூன்று நட்சத்திரங்கள் தெரியும். அவற்றுக்கு வடக்கே செம்மையாக ஒன்று மின்னும், அது திருவாதிரை. தெற்கே வெண்ணீலமாக இன்னொன்று. நம் பழைய தமிழ் வேதாகமம் மிருகசீரிஷம் என்று சொல்வது இந்தக் கூட்டத்தைத்தான். மூன்று நட்சத்திரக் கோட்டை அப்படியே மேற்கே நீட்டிக்கொண்டு போனால் ரோகிணி. அதையும் தாண்டினால் திராட்சைக் கொத்துபோல நெருங்கிய ஒரு சின்னக் கூட்டம். அதுதான் அறுமீன். யோபு 9, 38 அதிகாரங்களிலும் ஆமோஸ் 5-லும் மிருகசீரிஷமும் அறுமீனும் பெயர் சொல்லியே வருகின்றன. வசனத்தைப் பலமுறை வாசித்திருப்போம். பெயருக்குரியதை நிமிர்ந்து பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

இதற்கு ஒரு காரணம் உண்டு. நம் ஊரில் ‘நட்சத்திரம் பார்ப்பது’ என்றால் ஜாதகம் பார்ப்பது. அதனாலேயே விசுவாசக் குடும்பங்களில் இந்தப் பெயர்களை வாயில் எடுக்கவும் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் தேவையில்லை. ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் நட்சத்திரங்கள் யாருடைய தலையெழுத்தையும் எழுதுவதில்லை. அவையும் படைக்கப்பட்டவை, அவ்வளவுதான். அந்தத் தெளிவு இருந்ததால்தான் மொழிபெயர்த்தவர்கள் அறுமீனையும் மிருகசீரிஷத்தையும் கூச்சமில்லாமல் வேதத்துக்குள் எழுதினார்கள்.

எனக்கு அறுமீனைக் காட்டியவர் தாத்தா. தேரிக்காட்டை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் உபதேசியாராக இருந்தார். பாட்டி இறந்த வருஷம், கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகு, கோயில் முற்றத்து மணலில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, மோவாயைப் பிடித்து மேலே திருப்பினார். “ஏல, எத்தனை தெரியுது, எண்ணு” என்றார். ஆறு என்றேன். “எனக்கு நாலுதாம்ல தெரியுது. ஆனா ஆறும் அங்கனதான இருக்கு?” என்றார். பிறகு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

அறுமீன் நம்மிடமிருந்து சுமார் 440 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. இன்றிரவு உங்கள் கண்ணில் விழும் அதன் ஒளி, தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகமான ‘தம்பிரான் வணக்கம்’ 1578-ல் கொல்லத்தில் அச்சேறிய காலத்தை ஒட்டிப் புறப்பட்டது. வெறும் 16 பக்க மறைக்கல்வி நூல் அது. அங்கே எழுத்துகளைக் கோத்துக்கொண்டிருந்தபோது கிளம்பிய ஒளி இப்போதுதான் நம் மாடிக்கு வந்து சேர்கிறது. பைனாகுலர் இருந்தால் ஆறு பல பத்தாகப் பெருகும். அப்படியே மூன்று நட்சத்திரங்களுக்குச் சற்றுத் தெற்கே திருப்புங்கள். புகைபோல ஒரு திட்டுத் தெரியும். புது நட்சத்திரங்கள் அங்கே இப்போதும் உருவாகிக்கொண்டிருக்கின்றன. படைப்பு முடிந்துபோன பழங்கதை அல்ல என்று எனக்குப் புரிந்தது அந்தத் திட்டைப் பார்த்த பிறகுதான்.

அறுமீன் ஈர்ப்பு விசையால் கட்டுண்ட கூட்டம். இதை யோபு 38-ல் வரும் ‘அறுமீனைக் கட்ட முடியுமா’ என்ற கேள்வியோடு இணைத்து, ‘யோபு அன்றே விஞ்ஞானம் சொல்லிவிட்டார்’ என்று சிலர் பிரசங்கிப்பதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. உடம்பெல்லாம் புண்ணாகச் சாம்பலில் உட்கார்ந்து ‘ஏன்’ என்று கேட்கிறவனுக்குக் கடவுள் காரணம் எதுவும் சொல்லவில்லை. வானத்தைக் காட்டி, இதை உன்னால் கட்ட முடியுமா, அவிழ்க்க முடியுமா என்று கேட்கிறார். மனிதனை வாயடைக்க வைத்த கேள்வியை நாம் பெருமை பேச எடுத்துக்கொள்வது சரியல்ல.

வானம் பார்க்க இன்னோர் இரவு பெரிய வியாழன். மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னோ வரும் முழுநிலவை வைத்தே ஈஸ்டர் நாளைக் கணக்கிடுவதால், அன்று நிலவு முழுமையை ஒட்டியே இருக்கும். கெத்செமனேயிலும் அது பஸ்கா நிலவுதான். அந்த வெளிச்சத்திலும் இயேசுவைப் பிடிக்க வந்தவர்கள் தீவட்டிகளோடு வந்ததாக யோவான் எழுதுகிறார். அன்றிரவு ஏதாவது ஒரு மரத்தடியில் போய் நின்று பாருங்கள். முற்றமெல்லாம் நிலவாக இருக்க, கிளைகளுக்கடியில் எவ்வளவு இருட்டு என்று தெரியும். அவர் ஜெபித்தது அப்படி ஓர் ஒலிவத்தோப்பில்.

கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் அதே இரவு 11 மணிவாக்கில் தெற்கே பாருங்கள். அடிவானத்துக்குச் சற்று மேலே நான்கு நட்சத்திரங்கள் சிலுவையாக நிற்கும். இன்று எருசலேமிலிருந்து அந்தச் சிலுவை முழுதாகத் தெரியாது. பூமியின் அச்சு மெல்லத் திரும்புவதால் வந்த மாற்றம் இது. 2000 ஆண்டுகளுக்கு முன்பு அங்கேயும் தெற்கில் தாழ்வாகத் தெரிந்தது. அன்று அதைச் சிலுவை என்று யாரும் அழைக்கவில்லை. அந்தப் பெயர் பல நூற்றாண்டுகள் கழித்து மாலுமிகள் வழியே வந்தது. ஆகவே இதிலும் தீர்க்கதரிசனம் தேட வேண்டாம். பார்த்துக்கொண்டே நின்றால் போதும்.

இந்த டிசம்பரில் ஆராதனை முடிந்ததும் கோயில் முற்றத்து விளக்குகளைக் கால்மணி நேரம் அணைத்து வைக்கும்படி உங்கள் சபையில் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளைக் கூப்பிட்டு அறுமீனைக் காட்டி எண்ணச் சொல்லுங்கள்.