தூக்கிய ஜிப்சிக்கு டபுள் கார்டன் ஷாஃப்ட்: காசுக்குத் தகுமா?

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை தேசிய நெடுஞ்சாலை 44-இல் போகிற தூக்கிய ஜிப்சிகளுக்கு ஒரு பொது வியாதி உண்டு. வேகம் 70-ஐத் தாண்டினால் சீட்டுக்கு அடியில் ஒரு முனகல் கிளம்பும். 80-இல் பக்கவாட்டுக் கண்ணாடியில் பின்னால் வரும் லாரியின் நம்பர் பிளேட் கலங்கும். டயரைக் கழற்றிப் பேலன்ஸ் செய்தாலும் போகாது. இதற்கு மருந்து என்று பலரும் சொல்வது டபுள் கார்டன் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட். அதைப் பின்பக்கம் மாட்டிய ஒரு ஜிப்சி கிங்கை நெடுஞ்சாலையிலும் கல்லிலும் ஓட்டிப் பார்த்தேன்.

வண்டி 1.3 லிட்டர் எம்.பி.எஃப்.ஐ. பட்டை ஸ்பிரிங்குகளை ஆக்சில் ஹவுசிங்கின் அடியிலிருந்து மேலே மாற்றி, சுமார் 5 அங்குலம் தூக்கியிருக்கிறார்கள். டயர் 29 அங்குலம். ஜிப்சியில் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டாமல் தனியாகத் தொங்குகிறது. கியர்பாக்ஸிலிருந்து அதற்கு ஒரு குட்டை ஷாஃப்ட், அங்கிருந்து முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. வண்டியைத் தூக்கினால் முன், பின் ஷாஃப்டுகள் இரண்டும் அதிகமாகச் சாய்கின்றன. 700 மி.மீ. நீள ஷாஃப்டுக்கு 5 அங்குல உயர்வு என்பது கூடுதலாகப் பத்து டிகிரிக்கு மேல்.

சாய்வில் என்ன கெடுதல்? ஷாஃப்ட் முனையிலுள்ள கிராஸ் (யுனிவர்சல் ஜாயின்ட்) சாய்ந்த நிலையில் ஒரே சீராகச் சுற்றாது. ஒரு சுற்றுக்குள் இருமுறை வேகம் கூடி, இருமுறை குறையும். 10 டிகிரியில் இந்த ஏற்ற இறக்கம் ஒன்றரை சதவீதம், 20 டிகிரியில் ஆறு சதவீதம். கிரவுன் பினியன் விகிதம் 4 என்று வைத்துக்கொண்டால், 80 கி.மீ. வேகத்தில் ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,300 முறை சுற்றும். அப்படியானால் நொடிக்கு 77 உதறல். இரு முனைக் கோணங்களும் சமமாக இருந்தால் ஒன்றின் உதறலை இன்னொன்று சரிக்கட்டிவிடும். கம்பெனி வண்டி அமைதியாக ஓடுவது அதனால்தான். தூக்கும்போது பினியன் கோணம் மாறினால் இந்தச் சமநிலை கலைகிறது.

பழைய ஷாஃப்டிலிருந்து கழற்றிய கிராஸ் பட்டறை மேசையில் கிடந்தது. அதன் காம்பில் நீடில் பேரிங் அழுத்திய கோடுகள் வரிசையாகப் பதிந்திருந்தன. நகத்தால் வருடினால் தட்டுப்பட்டது. கிராஸ் உடைந்துபோகவில்லை, கோணம் தாங்காமல் தேய்ந்திருக்கிறது. பட்டறைக்காரர் சொன்னது: “சார், ராடு வலுவில்லாம வண்டி ஆடல. பினியன் மூக்கு எங்க பாக்குதுன்னு மொதல்ல பாருங்க.”

டபுள் கார்டனில் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் இரண்டு கிராஸ்கள் அடுத்தடுத்து இருக்கும், நடுவில் ஒரு சென்டரிங் பால். மொத்தக் கோணத்தை இரண்டும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்ளும். மறுமுனையில் ஒரே கிராஸ்தான். அதனால் பினியன் ஷாஃப்டை நேராகப் பார்க்க வேண்டும். இந்த வண்டியில் ஸ்பிரிங் சீட்டுகளை வெட்டி எடுத்து, ஹவுசிங்கைத் திருப்பி வைத்துப் புதிதாக வெல்டு செய்திருக்கிறார்கள். லோ கியரில் முறுக்கும்போது பினியன் மேலே எழும்பும் என்பதால் இரண்டு டிகிரி தாழ்த்தி விட்டிருப்பது விவரம் தெரிந்தவர் வேலை. ஹவுசிங் திரும்பினால் ஆயில் ஊற்றும் துளையும் இடம் மாறும். பழைய அளவிலேயே ஊற்றினால் பினியன் பேரிங் காய்ந்துவிடும்.

ஓசூரின் பலம் இங்கேதான் தெரிகிறது. டபுள் கார்டன் ஜாயின்ட்டை இறக்குமதி செய்தாலும் ஃப்ளேஞ்சைக் கடைய, குழாயை வெட்டி நீளம் சரிபார்க்க, ஷாஃப்டைப் பேலன்ஸ் செய்ய ஓசூர் வட்டாரத்தை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. 1980 முதல் லாரி உருவாகும் ஊர் இது. சில்லறைப் பொருள் தீர்ந்தால் பெங்களூரு ஜே.சி. ரோடு உதிரிபாகக் கடைகள் பக்கத்தில்தான். மொத்தச் செலவு இரண்டு நல்ல மட் டயர் விலையை நெருங்கியது.

ஓட்டத்தில் வித்தியாசம் தெளிவு. 80-இல் முனகல் இல்லை, கண்ணாடி கலங்கவில்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது கேட்ட ‘டக்’ சத்தமும் போய்விட்டது. சூளகிரிக்கு அருகே தெரிந்தவரின் பட்டா நிலத்துப் பாறையில் ஒரு சக்கரம் முழுக்கத் தொங்கியபோதும் ஸ்லைடிங் முனை கழன்று வரவில்லை. ஸ்ப்ளைன் நீளமாக இருப்பதன் பலன் அது. அஞ்செட்டிப் பக்கம் காட்டுக்குள் சோதிக்க ஆசைப்படாதீர்கள். 2014 முதல் அது காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம்.

குறைகளும் உண்டு. சென்டரிங் பாலுக்கான கிரீஸ் துளை உள்ளே ஒளிந்திருக்கிறது. சாதாரண கிரீஸ் கன் போகாது, ஊசி முனை வேண்டும். சேறு புகுந்தால் முதலில் சாவது அந்த உருண்டைதான். முன்பக்கத்துக்கு இதே வைத்தியம் செல்லாது. முன் ஹவுசிங்கைத் திருப்பினால் காஸ்டர் கோணம் கெட்டு, ஸ்டீயரிங் நேர்கோட்டில் நிற்காது. ஃப்ரீ வீலிங் ஹப் இருந்தால் சாலையில் முன் ஷாஃப்ட் சுற்றாமல் இருக்கும். அங்கே பழையதே போதும். ஷாஃப்டைப் பலப்படுத்தினால் அடுத்து உடையப்போவது ஆக்சில் ஷாஃப்ட் அல்லது கிரவுன் பினியன் என்பதையும் மறக்க வேண்டாம். கிராஸை வழியிலேயே மாற்றலாம். கிரவுன் போனால் வண்டியைக் கட்டி இழுக்கத்தான் வேண்டும்.

சட்டம் இன்னொரு பக்கம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை வைத்து, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஷாஃப்ட் யார் கண்ணிலும் படாது. 5 அங்குல உயரம் மாநில எல்லையில் ஜூஜூவாடி சோதனைச் சாவடியைத் தாண்டும்போதே தெரியும்.

இரண்டு அங்குலத்துக்குள் தூக்கியவர்கள் இதை வாங்க வேண்டாம். கோணத்தை அளந்து, புது கிராஸ் போட்டு, பேலன்ஸ் செய்தால் போதும். நான்கு, ஐந்து அங்குலம் தூக்கி, நெடுஞ்சாலையிலும் ஓட்டுபவர்களுக்கு இது தேவை. ஆனால் பினியனைத் திருப்பும் வேலைக்கும் சேர்த்துப் பணம் கையில் இருந்தால் மட்டும். ஹவுசிங்கைத் தொடாமல் ஷாஃப்டை மட்டும் மாற்றித் தருகிறேன் என்கிற பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.