லயத்து விளக்கடியில் வர்ணக் கூட்டம்

கேமரன் மலைக்கு வருகிறவர்களுக்கு ஸ்ட்ராபெரி தெரியும், தேயிலை தெரியும், பள்ளி விடுமுறையில் பிரிஞ்சாங் சாலை எப்படி அடைத்துக்கொள்ளும் என்பது நன்றாகவே தெரியும். மெசியாவை மட்டும் தெரியாது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை!

வெள்ளிக்காது மெசியா. சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். ஆனால் அந்த நிறங்கள்! கன்னங்கரேலென்ற தலை, காதருகே மட்டும் பளபளக்கும் வெள்ளித் திட்டு. அலகு மஞ்சள், நெற்றி மஞ்சள், தொண்டையும் மார்பும் மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கு வழிகிறது. இறக்கையில் ரத்தச் சிவப்பு. ஆணுக்கு வாலின் அடிப்பகுதியிலும் அதே சிவப்பு. பெண்ணுக்கு அந்த இடம் மங்கலாக இருக்கும். கல்யாண வீட்டுக்குப் பெட்டியிலிருந்த எல்லாப் பட்டையும் ஒன்றாக உடுத்திக்கொண்டு வந்தவள் மாதிரி. ஆனால் இதற்கு அத்தனையும் பொருந்துகிறது.

சுங்கை பாலாஸ் தோட்டப் பக்கம் லயத்தில் என் சித்தி இருக்கிறார். விடிவதற்கு முன் அங்கே வாசலில் நிற்க வேண்டும். ஸ்வெட்டர் போட்டும் குளிர் விடாது. இரவெல்லாம் எரிந்த விளக்கைச் சுற்றிச் சுவரில் விட்டில்கள் ஒட்டிக்கிடக்கும். உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று, காய்ந்த இலை மாதிரி ஒன்று, பச்சையாக ஒன்று. வெளிச்சம் வந்ததோ இல்லையோ, கீழே ஓடைக்கரைப் புதரிலிருந்து சளசளவென்று ஒரு பேச்சு. ஒன்று வேலியில் உட்காரும், பின்னாலேயே நாலு, பிறகு எண்ணவே முடியாது. மெசியா தனியாக வருகிற ஜாதி இல்லை. சுவரில் தொத்தி, விட்டிலைக் கொத்தி, கம்பியில் அடித்து, இறக்கையை உதிர்த்து விழுங்கிவிட்டு அடுத்ததற்குத் தாவும். நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்பேன். சித்திக்குச் சிரிப்பு.

“இந்தக் குருவியப் பாக்கவா கோலாலம்பூர்லேர்ந்து வந்த? தெனமும்தான்டா வருது. சொவத்தச் சுத்தம் பண்ணிட்டுப் போயிடும்.”

தினமும்! அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. இமயமலை அடிவாரத்திலிருந்து தென்சீனம், தாய்லாந்து வழியாக நம் தீபகற்பத்து மலைகள் வரை இந்த இனம் பரவியிருக்கிறது. நம் ஊரில் இருப்பது தஹான் மலையின் பெயரைத் தாங்கிய தனித் துணையினம். கடலுக்கு அந்தப் பக்கம் சுமத்ராவிலும் இதன் சொந்தக்காரர்கள் உண்டு, ஆனால் கூண்டு வியாபாரிகள் பிடித்துப் பிடித்தே அங்கே அரிதாக்கிவிட்டார்கள். அழகும் குரலும்தான் அதற்கு வினை. 1997-ல் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்த்து, நாடு விட்டு நாடு விற்பதற்குக் கட்டுப்பாடு வைத்தார்கள். அப்படிப்பட்ட பறவை சித்தி வீட்டுச் சுவரை இலவசமாகத் துப்புரவு செய்கிறது!

இது அடர்காட்டுப் பறவை அல்ல என்பதுதான் நமக்கு வாய்த்த அதிர்ஷ்டம். காடு முடிந்து வெளிச்சம் விழத் தொடங்கும் ஓரத்துப் புதர்தான் இதற்குப் பிடித்த இடம். 1929-ல் ரஸல் என்ற ஆங்கிலேயர் போ தோட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து இந்தச் சரிவுகளில் நம் ஆட்கள் காடு வெட்டி, செடி நட்டு, கொழுந்து கிள்ளினார்கள். ஆனாலும் செங்குத்தான முகடுகளிலும் ஓடைப் பள்ளங்களிலும் மரங்கள் தப்பி நின்றன. தேயிலை முடியும் இடத்தில் காட்டுப் பழச்செடிகள், பெரணி, மூங்கில். மெசியாவுக்குப் பூச்சியும் பழமும் அங்கேயே கிடைக்கின்றன, கூடு கட்ட அடர்ந்த புதரும் இருக்கிறது. பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள் அந்த ஓரங்களையும் விழுங்கிக்கொண்டே வருவதைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது.

பிரிஞ்சாங் மலையுச்சியின் பாசிக்காட்டுக்கு நீளமான கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு போகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அங்கே பார்க்க வேண்டியவை நிறைய. போகிற வழியில், மரத்தின் மேல் ஒரு சில்வண்டு மெதுவாகத் தொடங்கி வேகவேகமாக இரைந்தால் நின்று பாருங்கள். பெரும்பாலும் அது வண்டே இல்லை, அலகின் அடியில் நெருப்புக் குஞ்சம் வைத்த பச்சைக் குக்குறுவானாக இருக்கும். அதற்கும் எனக்குப் பைத்தியம்தான். ஆனால் அதை அண்ணாந்து தேடிக் கழுத்து வலிக்கும். மெசியா கண்மட்டத்தில் வந்து நிற்கிறது, கூடவே நீள்வால் சிபியாவையும் செந்தலைச் சிரிப்பானையும் அழைத்து வருகிறது. வேறென்ன வேண்டும்?

வர நினைப்பவர்களுக்கு: எட்டு மடங்கு பெரிதாக்கும் சாதாரண பைனாகுலர் போதும். முதல் நாள் ராத்திரியே மலைக்கு வந்து தங்கிவிடுங்கள், கீழே தாப்பாவிலிருந்து காலையில் கிளம்பினால் விருந்து முடிந்துவிடும். கைப்பேசியில் அதன் குரலைப் போட்டு ஏமாற்றி அழைக்காதீர்கள். லயத்து வாசலில் நிற்பதற்கு முன் வீட்டுக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நிச்சயம் தேநீரும் வரும்.