காசிமாவின் மூன்று தங்கமும் அடுத்த இருபது ஆண்டும்

2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த 6ஆவது உலகக் கோப்பை கேரம் போட்டியில் வடசென்னையைச் சேர்ந்த காசிமா மூன்று தங்கம் வென்றார். பெண்கள் தனிநபர், இரட்டையர், அணி. அப்போது அவருக்கு வயது 17. ‘ஆட்டோ ஓட்டுநரின் மகள்’ என்றுதான் அன்றைய செய்திகள் அவரை அறிமுகப்படுத்தின. உண்மைதான். ஆனால் அந்த அறிமுகம் அவர் ஆட்டத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. வறுமையை வென்ற கதையாக மட்டும் ஒரு வீராங்கனையைக் கொண்டாடினால், அவர் கற்றுத் தேர்ந்த வித்தை கண்ணில் படாமலே போய்விடும்.

அந்த வித்தையின் அளவு தெரிய, அவர் யாரை வென்றார் என்று பார்த்தால் போதும். தனிநபர் இறுதியில் எதிரே உட்கார்ந்திருந்தவர் ரஷ்மி குமாரி. 12 முறை தேசிய சாம்பியன், மூன்று முறை உலக சாம்பியன். காசிமா பிறப்பதற்கு முன்பே தேசியப் போட்டிகளில் ஆடிக்கொண்டிருந்தவர். இந்தியப் பெண்கள் கேரமில் யார் மேலே வர நினைத்தாலும் தாண்டியாக வேண்டிய பெயர் அது.

கேரமில் அனுபவம் எப்படி வேலை செய்கிறது என்பதை விதிகளை வைத்தே புரிந்துகொள்ளலாம். ஒரு கேம் 25 புள்ளி அல்லது எட்டு போர்டு, அதாவது எட்டுச் சுற்று. எது முதலில் வருகிறதோ அதோடு முடியும். மூன்றில் இரண்டு கேம் எடுப்பவருக்கு மேட்ச். போர்டை முடிக்கும்போது எதிராளியின் காய்கள் எத்தனை மிச்சமோ அத்தனை புள்ளி. சிவப்புக் காயான ரெட்டைப் போட்டு, அடுத்துத் தன் காய் ஒன்றையும் போட்டு (ஃபாலோ) உறுதிசெய்திருந்தால் கூடுதலாக 3. ஆக ஒரே போர்டில் 12 புள்ளிவரை அள்ளலாம். வெள்ளைக் காய் ஆடுபவர் பிரேக் அடித்து ஒன்பது காயையும் ரெட்டையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டால், எதிரே இருப்பவர் ஸ்ட்ரைக்கரைத் தொடாமலே 12 புள்ளி பின்தங்கிவிடுவார்.

மற்ற ஆட்டங்களில் பின்தங்கியவர் ஓடியாவது எதையோ செய்யலாம். கேரமில் அதற்கு வழியில்லை. எதிராளி காய் போட்டுக்கொண்டிருக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நாற்காலியைக்கூட நகர்த்தக் கூடாது. தன் முறை வரும்போது விரல் நடுங்காமல் இருக்க வேண்டும். ரஷ்மியைப் போன்ற ஒருவர் எதிரே வரிசையாகக் காய் போட்டுக்கொண்டிருக்கையில், அடுத்த வாய்ப்பு எப்போது வரும் என்று தெரியாமல் காத்திருந்து, வந்த வாய்ப்பை வீணாக்காமல் முடிக்க 17 வயதில் ஒருவரால் முடிந்தது என்றால், அது கைத்திறமை மட்டும் அல்ல. ஆயிரக்கணக்கான போர்டுகளில் தோற்றுத் தோற்றுப் பழகிய பொறுமை.

மூன்று தங்கமும் ஒரே திறமைக்குக் கிடைத்தவை அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். தனிநபர் ஆட்டத்தில் எல்லாக் கணக்கும் ஒருவர் தலையில். இரட்டையரில் கூட்டாளி எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பார். நடுவில் எதிராளியின் முறை. நான் விடும் காய் என் கைக்கு அல்ல, கூட்டாளியின் கைக்கு எளிதாக இருக்க வேண்டும். தான் போடக்கூடிய காயையே கூட்டாளிக்காக விட்டுவைக்க மனம் வர வேண்டும். அணிப் போட்டியிலோ, நாம் தோற்றால் நம்மோடு ஆடுபவர்களும் சேர்ந்து தோற்பார்கள். மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றி மாற்றி ஆடி மூன்றிலும் முதலிடம் பிடித்ததுதான் அந்த நவம்பரின் உண்மையான சாதனை.

இந்தப் பயிற்சி எங்கிருந்து வந்தது? அப்பா மெகபூப் பாஷா புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரில் நடத்தும் கேரம் பயிற்சி மையத்திலிருந்து. காசிமேடு, ராயபுரம், வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி என்று வடசென்னையின் இந்தப் பக்கம் முழுக்கக் கேரம் வெறும் பொழுதுபோக்கு அல்ல. மீன்பிடித் துறைமுகத்திலும் தொழிற்சாலைகளிலும் விடிகாலையிலோ இரவு ஷிப்டிலோ வேலை பார்ப்பவர்களுக்குப் பகலில் சில மணி நேரம் கிடைக்கும். மைதானம் கிடைக்காது. நான்கு நாற்காலி போடுகிற இடமும் மேலே தொங்கும் ஒரு பல்பும் இருந்தால் மன்றம் ஆகிவிடும். ‘வடசென்னை’ படத்தில் தனுஷ் நடித்த அன்பு என்ற பாத்திரம் கேரம் ஆட்டக்காரனாக வந்தது தற்செயல் அல்ல.

கடற்காற்றின் ஈரம் ஏறினால் போர்டின் ஓட்டம் மந்தமாகும். அந்த மந்தத்துக்குப் பழகிய விரல், உலர்ந்த குளிர் அரங்கில் அதே விசையைக் கொடுத்தால் காய் பாக்கெட்டைத் தாண்டிப் போகும். பாக்கெட்டின் விட்டம் சுமார் நாலரை சென்டிமீட்டர்தான். வெளிநாட்டு அரங்கில் போய் இறங்கியதும் விசையை மாற்றி அளந்துகொள்ளும் திறன் இல்லாமல் யாரும் அங்கே பதக்கம் வாங்க முடியாது.

இந்தச் சென்னையிலிருந்துதான் மரிய இருதயம் வந்தார். 1991, 1995 இரண்டு முறையும் உலக சாம்பியன். 1996இல் அர்ஜுனா விருது. வியாசர்பாடி இளவழகி 2008இல் பிரான்சின் கான் நகரில் உலக சாம்பியன் ஆனார். சர்வதேச கேரம் கூட்டமைப்பு 1988இல் உருவானதே சென்னையில்தான். ஆக, காசிமா எங்கோ முளைத்த அதிசயம் அல்ல. முப்பது ஆண்டுக்கும் மேலாக ஓடிவரும் ஒரு வரிசையில் அடுத்தவர்.

இளவழகி வந்த பிறகும் அந்த வரிசையில் ஒரு குறை இருந்தது. தெருமுனை மன்றங்கள் ஆண்களின் இடங்கள். வேலை முடித்து வந்தவர்கள், பீடிப் புகை, பந்தய ஆட்டம். பள்ளிக்கூடப் பெண் அங்கே போய் உட்கார முடியாது. பயிற்சி மையம் என்று ஒன்று வந்து, பெண் பிள்ளைகள் போய் ஆடலாம் என்று வீடுகள் நம்பிய பிறகுதான் நிலைமை மாறியது. காசிமாவின் வெற்றியில் அவர் அப்பா செய்த மிகப் பெரிய காரியம் ஷாட் சொல்லிக்கொடுத்தது அல்ல. பெண்கள் ஆடக்கூடிய ஓர் இடத்தைத் திறந்து வைத்திருந்தது. அடுத்த ஆண்டே இந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு பெண் வந்தார். 2025 டிசம்பரில் மாலத்தீவில் நடந்த 7ஆவது உலகக் கோப்பையில் காசிமேட்டைச் சேர்ந்த கீர்த்தனா மூன்று தங்கம் வென்று வந்தார். அடுத்தடுத்து நடந்த இரண்டு உலகக் கோப்பைகளில் நடந்துபோகும் தூரத்திலிருந்து இரண்டு சாம்பியன்கள்!

தமிழக அரசு காசிமாவுக்கு ஒரு கோடி ரூபாய் கொடுத்தது. மனமாரப் பாராட்ட வேண்டிய செயல். ஆனால் ஒரு முறை வரும் பரிசு ஒரு நாளைக் கொண்டாடும். ஒரு வாழ்நாளைத் தாங்காது. கேரம் ஒலிம்பிக்கிலும் இல்லை, ஆசிய விளையாட்டிலும் இல்லை. விளம்பரப் பணமும் தொலைக்காட்சி உரிமையும் வராது. பின்னே ரஷ்மி இத்தனை ஆண்டுகள் எப்படி நின்றார்? அவர் ஓ.என்.ஜி.சி ஊழியர்; பெட்ரோலிய நிறுவனங்களின் விளையாட்டு வாரியத்துக்காக ஆடுகிறார். இன்னொரு உலக சாம்பியன் அபூர்வா எல்.ஐ.சி ஊழியர். மாதச் சம்பளம், போட்டிக்குப் போக விடுப்பு, அணியாக ஆட வாய்ப்பு. இந்த மூன்றும்தான் இந்தியக் கேரமில் இருபது ஆண்டு ஆட்டத்தைத் தாங்கும் தூண்கள்.

மட்டையும் பந்தும் கொண்டு ஆடும் அயர்லாந்தின் ஹர்லிங் ஆட்டத்தை இங்கே நினைத்துப் பார்க்கலாம். 1884இல் தொடங்கிய கேலிக் விளையாட்டுச் சங்கம் அதை நடத்துகிறது. 82,000 பேர் உட்காரும் குரோக் பார்க் அரங்கம் இறுதிப் போட்டியன்று நிரம்பி வழியும். ஆனால் ஆடுபவர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஆசிரியராக, விவசாயியாக, வேறு ஏதோ வேலையில் இருந்துகொண்டு, பெரும்பாலும் பிறந்த வட்டாரத்தின் கிளப்புக்கே ஆடுகிறார்கள். வேலையும் ஊரும் இரண்டு பக்கமும் தாங்குவதால் அந்த ஆட்டம் நூறாண்டு தாண்டியும் வாழ்கிறது. வடசென்னைக் கேரமுக்கு ஊர் இருக்கிறது. வேலைதான் வேண்டும்.

அதற்கு டெல்லிவரை போக வேண்டியதில்லை. மணலியில் சி.பி.சி.எல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. எண்ணூரில் காமராஜர் துறைமுகம். ராயபுரத்தை ஒட்டி சென்னைத் துறைமுகம். மூன்றும் மத்தியப் பொதுத்துறை. இவற்றின் புகையையும் லாரி நெரிசலையும் தினமும் தாங்குவது இந்தத் தெருக்கள்தான். இந்தத் தெருக்களின் உலக சாம்பியன்களுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலையும், செரியன் நகர் போன்ற மையங்களுக்கு ஆண்டுதோறும் போர்டும் வாடகையும் கொடுப்பது இந்நிறுவனங்களுக்குப் பெரிய செலவே அல்ல.

காசிமா இன்னும் இருபது ஆண்டு ஆடலாம். கேரமில் அது மிகை அல்ல. அவர் வென்றவரே அதற்குச் சாட்சி. அந்த இருபது ஆண்டில் எத்தனை பட்டம் வரும் என்பது காசிமாவின் விரலைப் பொறுத்தது. அந்த ஆண்டுகள் அவருக்குக் கிடைக்குமா என்பது நம் நிறுவனங்களைப் பொறுத்தது. முதல் வேலையை அவர் பார்த்துக்கொள்வார் என்று நிரூபித்துவிட்டார். இரண்டாவது வேலை இன்னும் பாக்கி.