சார்ல்ஸ்டனின் பழைய வீடுகளை ரசிப்பது எப்படி?

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், அட்லாண்டிக் கரையோரம் இருக்கிறது சார்ல்ஸ்டன் கவுன்ட்டி. 18, 19ஆம் நூற்றாண்டு வீடுகள் இங்குள்ள சார்ல்ஸ்டன் நகரில் தெருத்தெருவாக நிற்கின்றன. முகப்போடு நிறுத்திக்கொண்டால் பாதி விஷயம் கண்ணுக்குத் தப்பிவிடும். வீடு நிற்கும் திசை, சுவர், செங்கல், கொல்லைப்புறம் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

முதலில் திசை. 'சிங்கிள் ஹவுஸ்' எனப்படும் வீடு இவ்வூரின் தனி அடையாளம். அகலம் ஓர் அறை அளவுதான். குறுகிய பக்கம் தெருவைப் பார்க்க, நீளம் மனைக்குள் ஓடும். தெருக்கதவைத் திறந்தால் நேரே நீண்ட தாழ்வாரம். வீட்டின் தலைவாசல் அதன் நடுவில் இருக்கும். 'பியாட்ஸா' என்ற இந்தத் தாழ்வாரம் பெரும்பாலும் தெற்கு அல்லது மேற்குப் பக்கம் அமையும். காற்றும் வரும், வெயிலும் உள்ளறைகளில் நேராக விழாது. அண்டை வீட்டைப் பார்த்த எதிர்ப்பக்கச் சுவரில் சன்னல்கள் குறைவு.

அடுத்து சுவர். மாடித் தளத்தின் மட்டத்தில் வட்டமான இரும்புத் தகடுகள் வரிசையாகத் தென்படும். 1886 ஆகஸ்ட் 31 இரவு இந்நகரைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. பிளந்து சாய்ந்த சுவர்களை இழுத்துப் பிடிக்க, தளத்தினூடே இரும்புக் கம்பிகளைச் செலுத்தி முடுக்கினார்கள். அந்தக் கம்பிகளின் முனைகளே இத்தகடுகள். நட்சத்திரமாகவும் சிங்க முகமாகவும் வார்த்தவையும் உண்டு.

செங்கலை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். பழைய கட்டுமானத்தில் இருப்பது சிப்பி ஓட்டைச் சுட்டு எடுத்த சுண்ணாம்புச் சாந்து. பின்னாளில் சிமென்ட் பூசிய இடங்களில் ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல் பொரிந்து உதிரும். அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் கையால் அறுத்த கற்கள் இவை. ஈரமாக இருந்தபோது பதிந்த விரல் தடம் சிலவற்றில் இன்னும் அழியவில்லை. சில, சிறுவர் விரல் அளவே இருக்கின்றன.

அந்த மக்கள் வாழ்ந்த இடம் கொல்லைப்புறம். எய்கன்-ரெட் மாளிகையின் பின்முற்றத்தில் சமையற்கட்டு, வெளுப்பறை, குதிரை லாயம் ஆகியவற்றின் மாடியில் அவர்களுடைய அறைகளைக் காணலாம். மாளிகையின் செல்வத்தை இந்த அறைகளோடு சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு முழுமையாகும்.

இந்தப் பழைய வீடுகள் தப்பிப் பிழைத்ததும் தற்செயல் அல்ல. 1803இல் கட்டிய ஜோசப் மானிகால்ட் இல்லம் இடிபடும் நிலைக்கு வந்தபோது, 1920இல் சூசன் பிரிங்கிள் ஃப்ராஸ்ட் முன்னின்று ஒரு பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். 1931இல் பழைய நகர்ப்பகுதியை வரையறுத்து, வெளித்தோற்றத்தை மாற்ற ஒரு வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என நகராட்சி சட்டம் இயற்றியது. அமெரிக்காவில் இத்தகைய சட்டம் அதுவே முதல்.

காப்பாற்றுவதில் இரு வழிகள் உண்டு. 1808ஆம் ஆண்டின் நதானியல் ரஸ்ஸல் இல்லத்தில் வண்ணங்களையும் அலங்காரத்தையும் ஆராய்ந்து பழைய பொலிவை மீட்டிருக்கிறார்கள். மூன்று தளங்களுக்குத் தூணின்றி வளைந்தேறும் படிக்கட்டே அங்கு முதன்மைக் காட்சி. 18ஆம் நூற்றாண்டில் கட்டிய டிரேட்டன் ஹால் இதற்கு நேர்மாறு. 1974இல், வரலாற்றுச் சின்னங்களைக் காக்கும் தேசிய அறக்கட்டளையிடம் வந்த அந்த வீட்டில் அறைகலன்கள் இல்லை. கிடைத்த நிலையிலேயே சிதையாமல் பேணப்படுகிறது. அங்கு வாழ்ந்த குடும்பத்துப் பிள்ளைகளின் உயரத்தைக் குறித்த கோடுகள்கூட அப்படியே இருக்கின்றன. முதல் வழி ஒரு காலத்தை முழுதாகக் காட்டுகிறது. இரண்டாவது, எல்லாக் காலங்களின் தடங்களையும் விட்டுவைக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும்.