நீலியின் பொய்யும் நீலியின் வழக்கும்

நைட் ஷிஃப்ட் முடிந்து ஒரகடத்திலிருந்து திரும்பும் கேபில் பேய்க் கதைக்குப் பஞ்சமே இருக்காது. ஒருநாள் பக்கத்து சீட் நண்பன் போனை நீட்டினான். அமெரிக்காவில் வாரன் தம்பதியர் நடத்திய அமானுஷ்ய அருங்காட்சியகத்தின் அனபெல் பொம்மை, கண்ணாடிப் பெட்டிக்குள். சினிமாவில் வரும் கொடூர மூஞ்சி அல்ல. சிவப்பு நூல் முடி வைத்த சாதாரணத் துணிப் பொம்மை. அடுத்த படம், ரத்தக்காட்டேரி வேட்டைப் பெட்டி. சிலுவை, மரமுளை, சுத்தியல், புனித நீர்க் குப்பி எல்லாம் பட்டுத்துணி விரித்து அடுக்கியிருந்தது.

“நம்ம பக்கம் இந்த மாதிரி ஒண்ணும் இல்லையா மச்சி?”

அந்தப் பெட்டிகளைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். 19ஆம் நூற்றாண்டுச் சரக்கு என்று ஏலத்தில் போகிறவற்றில் பெரும்பாலானவை டிராகுலா படங்கள் வந்து ஓடிய பிறகு, பழைய பெட்டியில் பழைய சாமான்களைப் போட்டு ஜோடித்தவை என்பதுதான் ஆராய்ந்தவர்களின் கணிப்பு. சாட்சியம் பொய். ஆனால் அந்தப் பொய்க்குப் பின்னால் ஜனங்களின் பயம் என்று ஒன்று நிஜமாகவே இருந்தது. இதை அப்போது வெறும் தகவலாகத்தான் அவனிடம் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர், திருவள்ளூர் வழியாகத் திருவாலங்காட்டுக்குப் போனபோதுதான் அது வேறு மாதிரி உறைத்தது.

திருவாலங்காடு என்றால் பலருக்கும் ஞாபகம் வருவது நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்றான ரத்தின சபை. நான் தேடிப் போனது அதை ஒட்டிய பழையனூரை. அங்கே சாட்சி பூதேஸ்வரர் என்று ஒரு சிவன் இருக்கிறார். பக்கத்தில் தீயில் இறங்கி உயிர்விட்ட எழுபது வேளாளர்களுக்கு ஒரு மண்டபம், அவர்களுடைய புடைப்புச் சிற்பங்களோடு. டிக்கெட் இல்லை, கண்ணாடி இல்லை. நம் பக்கத்தில் ஒரு பேய்க்கான அருங்காட்சியகம் என்று எதையாவது காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். சிக்கல் என்னவென்றால் காட்சிக்கு இருப்பது பேய் அல்ல, பேயால் செத்தவர்கள்.

கதை வடிவத்துக்கு வடிவம் மாறும், பெயர்களும் மாறும். எலும்புக்கூடு இதுதான். காஞ்சிபுரத்து ஆள் ஒருவன், வெளியூரில் கட்டிக்கொண்டவளை ஊருக்குக் கூட்டிவரும் வழியில் இந்த ஆலங்காட்டில் கொன்றுவிடுகிறான். அடுத்த பிறவியில் அவன் வணிகன். அவள் நீலி என்னும் பேய். பழையனூர்ப் பக்கம் போகாதே என்று எச்சரிக்கப்பட்டவன், காவலுக்கு ஒரு மந்திரக் கத்தியோடு வருகிறான். நீலி அவன் மனைவி வடிவத்தில், கள்ளிக் கட்டையைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர்ச் சபையில் போய் அழுகிறாள்: புருஷன் என்னைக் கைவிட்டுவிட்டான். ‘இவள் பேய்’ என்று அவன் கதறுகிறான். சபை பிள்ளையை இறக்கிவிடச் சொல்கிறது. பிள்ளை நேராக அவனிடம் போய் ‘அப்பா’ என்கிறது. தீர்ந்தது வழக்கு. இருவரும் இன்றிரவு ஒரே வீட்டில் தங்குங்கள் என்கிறார்கள். அந்தக் கத்தியை அவனிடமிருந்து வாங்கிவிடுங்கள், எனக்குப் பயமாக இருக்கிறது என்கிறாள் நீலி. கத்தியை வாங்கிவிடுகிறார்கள். உன் உயிருக்கு ஒன்று நேர்ந்தால் எங்கள் எழுபது பேர் உயிரும் ஈடு என்று அவனுக்கு வாக்குக் கொடுக்கிறார்கள். விடிந்தால் அவன் பிணம். எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

இதைச் சின்ன வயதில் பேய்க் கதையாகக் கேட்டவர்கள் இப்போது கோர்ட் டிராமாவாக வாசித்துப் பாருங்கள். சபையில் நீலி சொன்ன ஒவ்வொன்றும் பொய். அவள் அவன் மனைவி இல்லை. பிள்ளை பிள்ளையே இல்லை, கட்டை. வணிகன் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை: இவள் பேய், என்னைக் கொல்லப் போகிறாள். ஆனால் அந்தச் சபையில் யாருமே எடுக்காத இன்னொரு வழக்கு இருக்கிறது. இவன் அவளைக் கொன்றான். அந்த வழக்கை அவளால் எங்கேயும் தாக்கல் செய்ய முடியாது. போன பிறவிக் கொலையை விசாரிக்க எந்த ஊரில் சபை இருக்கிறது? அதனால் சபைக்குப் புரியக்கூடிய ஒரு வழக்கை ஜோடிக்கிறாள். கைவிடப்பட்ட மனைவி, அப்பனைத் தேடும் குழந்தை. இது என்றால் காது கொடுப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

அந்தக் கத்தியைப் பாருங்கள். தந்திரம் என்றுதான் கதை சொல்கிறது, சரி. ஆனால் ஏற்கெனவே அவன் கையால் ஒருமுறை செத்தவள், அவன் கையிலிருக்கும் ஆயுதத்தைப் பார்த்துப் பயமாக இருக்கிறது என்கிறாள். மொத்த நாடகத்தில் அவள் சொன்ன ஒரே நிஜம் அதுவாகக்கூட இருக்கலாம்.

இந்தக் கதையிலிருந்து தமிழ் எடுத்து வைத்துக்கொண்டது என்ன? ‘நீலிக் கண்ணீர்’. போலி அழுகைக்குப் பெயர். ஏழாம் நூற்றாண்டின் ஞானசம்பந்தரே தம் ஆலங்காட்டுப் பதிகத்தை, வஞ்சித்து உயிர்கொண்ட ஒரு பெண்ணைக் குறிப்பிட்டுத்தான் தொடங்குகிறார்; உரைகாரர்கள் அது நீலிதான் என்கிறார்கள். ஆக ‘வஞ்சகி’ என்னும் குற்றச்சாட்டுக்கு வயது 1300-க்கும் மேல். எழுபது பேருக்கு மண்டபம், அவளுக்கு ஒரு வசைச்சொல்.

இதே ஊரில் இன்னொரு பெண் பேய் உண்டு என்பதுதான் ஆச்சரியம். காரைக்கால் அம்மையார். புனிதவதியாக இருந்தவரை வணிகனான கணவன் பயந்துபோய் விட்டுவிட்டுப் பாண்டிய நாட்டில் வேறு கல்யாணம் செய்துகொள்கிறான். கணவனுக்காகத் தாங்கிய சதை இனி எதற்கு என்று உதறிவிட்டுப் பேய் வடிவம் கேட்டு வாங்குகிறார். தன்னைக் காரைக்கால் பேய் என்றே பாடிக்கொள்கிறார். வற்றிய மார்பும் புடைத்த நரம்புமாக இந்த ஆலங்காட்டுச் சுடுகாட்டுப் பேயை அவர் எழுதிய விதத்துக்கு முன்னால் நம் ஹாரர் எழுத்தாளர்கள் கையெழுத்துப் பழக வேண்டும். அவரது 13ஆம் நூற்றாண்டுச் செப்புத் திருமேனி ஒன்று, கையில் தாளத்தோடு நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்திருக்கிறது. இருவருமே கணவனால் விடப்பட்டோ வதைக்கப்பட்டோ பேயானவர்கள். ஒருத்தி கோபத்தைத் துறந்தாள், அம்மை ஆனாள். இன்னொருத்தி துறக்கவில்லை. கோபமில்லாத பேய்க்குத்தான் பீடம் என்று தோன்றுகிறது.

நீலியை மீட்க முயற்சிகளே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஐஞ்சிறு காப்பியங்களில் ஒன்றான ‘நீலகேசி’, பழையனூர் நீலியைச் சமண முனிவரிடம் தோற்கவைத்துச் சமணம் தழுவச் செய்து, பௌத்தம், ஆசீவகம், சாங்கியம், வேதவாதம் என்று ஊர் ஊராகப் போய் வாதில் வெல்லும் தத்துவவாதியாக்குகிறது. ஒரு பேய் தர்க்க நூலின் நாயகியாவது எவ்வளவு பெரிய கற்பனை! தெற்கே அவளே இசக்கி. கையில் பிள்ளையோடு நிற்கும் அம்மன். முப்பந்தலில் போய்ப் பாருங்கள். மலையாளத்தில் கள்ளியங்காட்டு நீலி என்னும் யட்சி. 2025-இல் வந்த ‘லோகா’ அவளை ரத்தம் குடிக்கும் சூப்பர் ஹீரோயினாக்கியது. எனக்கும் படம் பிடித்தது. ஆனால் அதில் அவளுக்குக் கறையில்லாத ஒரு கடந்தகாலம் தேவைப்படுகிறது. அதிகாரத்தால் வதைபட்ட பழங்குடிச் சிறுமி. காப்பியம் அவளைத் திருத்துகிறது, கோயில் கும்பிடுகிறது, சினிமா தூய்மைப்படுத்துகிறது. பொய் சொன்னவள், ஆனால் வழக்கு உள்ளவள் என்ற இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள யாருக்கும் தெம்பில்லை.

எனக்கும் இருந்ததில்லை. 2021 டிசம்பரில் இந்தத் தொழிற்பட்டையில் ஒரு மின்னணு ஆலைப் பெண்களின் விடுதியில் உணவு நஞ்சாகி 150-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். சிலர் செத்துவிட்டார்கள் என்று வதந்தி. சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். வதந்தி பொய்தான், யாரும் சாகவில்லை. அப்போது நாங்கள் கேபில் மாய்ந்து மாய்ந்து பேசியது வதந்தியைப் பற்றித்தான். சோற்றைப் பற்றிப் பேசியது கம்மி.

அதற்குச் சில வருஷம் முன்பு வேறோர் இடத்தில் வேலை பார்த்தேன். லைனில் நிற்கும் ஒப்பந்தப் பெண் ஒருவர், சூபர்வைசர் பாத்ரூம் போக விடுவதில்லை, கேட்டால் அசிங்கமாகப் பேசுகிறார் என்று தேதி போட்டுப் புகார் எழுதினார். வருகைப் பதிவு மென்பொருள் என் பொறுப்பு. லாக் எடுத்துக் கொடுத்தேன். அந்தத் தேதியில் அந்தப் பெண் வேலைக்கே வரவில்லை. மீட்டிங்கில் யாரோ ‘நீலிக் கண்ணீர்’ என்றார்கள். நானும் சிரித்தேன். புகார் மூடப்பட்டது. தேதி தப்பு, மற்றதெல்லாம் நிஜம் என்று லைனில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்பது, அவர் வேலையை விட்டுப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. என் லாக் அட்சரம் பிசகாத உண்மை. பழையனூர் வணிகனும் உண்மையைத்தான் சொன்னான்.

மலேசிய மின்னணு ஆலைகளில் 1970-களில் பெண்கள் மீது கூட்டங்கூட்டமாகப் பேய் வந்ததைப் பற்றி ஐவா ஓங் 1987-இல் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். புகாராகச் சொல்ல முடியாததை உடம்பு பேயாகச் சொல்கிறது என்பது, என் சொற்களில், அதன் சாரம். நீலி கதையை உண்டாக்கியவர்களுக்கும் இது தெரிந்திருக்கும்.

எழுபது பேரையும் நான் குறைத்துப் பேசவில்லை. மண்டபத்தின் முன் நின்றபோது அவர்கள் மேல் மரியாதைதான் கூடியது. ‘நாங்கள் ஏமாற்றப்பட்டோம்’ என்று ஒருவரும் நழுவவில்லை. எங்களை நம்பிக் கத்தியைக் கொடுத்தவன் செத்துவிட்டான், தீர்ப்பு எங்களுடையது, விலையும் எங்களுடையது. இன்று எந்த மீட்டிங்கில் அந்த மாதிரி ஒரு ஆள் இருக்கிறான்? அந்தப் பெண்ணின் புகாரை மூடிய அறையில் இருந்த எங்களில் யாருக்கும் ஒரு மெமோகூட வரவில்லை.

கிளம்பும்போது கோயில் பக்கத்துப் பெட்டிக்கடையில் இருந்த பாட்டியிடம், “சாமிக்கு ஏன் பாட்டி சாட்சி பூதேஸ்வரர்னு பேரு?” என்று கேட்டேன்.

“எழுவது பேரு குடுத்த வாக்குக்கு அவருதாம்பா சாட்சி.”

“அவளக் கொன்னதுக்கு?”

பாட்டி என்னை ஒரு மாதிரி பார்த்தார். “அது காட்டுல நடந்தது. அப்ப யாரு இருந்தா?” என்றுவிட்டுச் சில்லறையை எண்ணிக் கொடுத்தார்.