கூத்துக் களரியில் வேற்றுலகத்தார்

முல்லைத்தீவின் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் நந்திக்கடல் கரைக்கு வந்தது ஒரு கிழவியாக. மாடு மேய்த்துக்கொண்டு நின்ற சிறுவர்களிடம் பசிக்குது என்றாள். அவர்கள் புக்கை பொங்கிக் கொடுத்தார்கள். இருட்டியபோது விளக்குக்கு எண்ணெய் இல்லை. கடல்நீரை விட்டு ஏற்றச் சொன்னாள், எரிந்தது. பிறகு பேன் பார்க்கச் சொல்லித் தலையைக் கொடுத்தாள். மயிரை விலக்கிய பிள்ளைகளுக்குத் தெரிந்தவை கண்கள், தலை நிறையக் கண்கள். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகிற எவருக்கும் இது தெரிந்த கதைதான். ஆனால் கூத்தில் வேடம் கட்டி ஆடுகிறவனுக்கு இதற்குள் ஒரு பாடம் இருக்கிறது. மேலுலகத்தவள் வந்திருக்கிறாள் என்பதைத் தூரத்தில் நின்று யாரும் கண்டுபிடிக்க முடியாது. கிட்ட வந்து பார்த்தவர்களுக்கே அது தெரிந்தது.

இன்றைய பிள்ளைகளை வேற்றுக்கிரகவாசி ஒன்றைக் கீறச் சொன்னால் பெரிய தலை, பச்சைத் தோல், மூன்று விரல் என்று கீறித் தருவார்கள். அது படங்கள் பழக்கிய பழக்கம். படங்களிலும் எல்லாம் ஒரே வகை இல்லை. 1966இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் ஸ்பொக் என்ற வல்கன் இனத்தவருக்குக் கூர்ச்செவியும் மேலேறிய புருவமுந்தான் வேடம்; மிச்சத்தை நடிகர் குரலாலும் அசையாத முகத்தாலும் செய்துகொண்டார். 1977இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் மதுச்சாலைக் காட்சியிலோ முகமூடிகள் குவிந்து கிடக்கின்றன. முன்னது கூத்துக்குக் கிட்டியது என்பேன். இன்னும் கிட்ட வருவது சத்யஜித் ராய் 1967இல் எழுதி, படமாகாமலே போன 'ஏலியன்'. வங்காளத்துக் கிராமக் குளம் ஒன்றில் விண்கலம் இறங்குகிறது. நிலத்தடியிலிருந்து கோயில் எழுந்ததாக எண்ணி ஊரார் கும்பிடத் தொடங்குகிறார்கள். வந்தவரோடு உறவாகிறவன் ஓர் ஏழைச் சிறுவன். அந்தக் கதை வெளியுலகுக்குப் போக ஊக்கம் கொடுத்தவர் கொழும்பில் குடியிருந்த எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்.

நம் கூத்துக் களரிக்கு வருவோம். அரக்கர், வானரர், நாகர், பூதங்கள், தேவர், எமதூதர் என்று மனிதரல்லாத எத்தனையோ சாதியார் அங்கே வந்து போகிறார்கள். அவர்களை மதிப்பிட விடிய விடியக் கூத்துப் பார்த்துப் பழகியவர்களிடம் ஓர் அளவுகோல் உண்டு. அது வரவு, பாத்திரம் முதன்முதல் களரிக்குள் ஆடி வருவது. கட்டியகாரன் கூறிவிட்டான், கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் வரவு விருத்தத்தை எடுத்துவிட்டார், மத்தளமும் சல்லாரியும் சேர்ந்துவிட்டன. இனி ஆட்டக்காரன் தன் பெயரைச் சொல்வதற்கு முன்னமே அவன் எந்த உலகத்தான் என்பதைக் கால் சொல்லிவிட வேண்டும். அரசனுக்கு ஒரு தாளக்கட்டு, பெண்ணுக்கு ஒன்று, வேடனுக்கு ஒன்று, அரக்கனுக்கு வேறொன்று. அரசனின் தாளத்துக்கு ஆடிவந்து, வாயில் பல்லைக் கட்டிக்கொண்டு "நான் அரக்கன்" என்றால் சனம் சிரித்துவிடும். சிரிக்கத்தான் வேண்டும்.

ஈழத்துக் கூத்தின் மோடிகளில், அரக்கரைக் காட்டுவதில் வடமோடிதான் வளம் மிகுந்தது. மட்டக்களப்பில் பாரதமும் இராமாயணமும் பெரும்பாலும் வடமோடியிலேயே ஆடப்படுகின்றன; போரும் சாவும் அதன் விளைநிலம். உடுப்பும் கிரீடமும் பாரமானவை, ஆட்டம் வேகமானது. அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டு துள்ளுகிறவனைப் பார்க்கையில், மண்ணுக்குரிய நிறையை மீறிய ஓர் உயிர் என்ற எண்ணம் தானாக வரும். வடமோடியின் கடுஞ்சோதனை இராவணன். அவன் அரக்கன் மட்டுமல்லன், அரசனும். அரக்கனின் மிதியில் அரசனின் நிமிர்வு குலையக்கூடாது. அரசனின் நிமிர்வில் அரக்கனின் மிதி மறையக்கூடாது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மேடையேற்றிய 'இராவணேசன்' இந்தச் சிக்கலை நேரே எடுத்துக்கொண்டது. சி. மௌனகுரு ஆடிய அந்த இராவணன், தோல்வியைத் தெரிந்துகொண்டே போருக்குப் போகும் மனிதனாக நின்றான். கூத்தைப் படித்தவர்கள் மதிக்கத் தொடங்கியதற்கு அந்த முயற்சிகள் பெருங்காரணம். ஆனாலும் ஒரு குறையைச் சொல்லாமல் விட மனமில்லை. வட்டக்களரியைச் சுற்றி நாலு பக்கமும் சனம் இருக்கும். அரக்கனுக்கு முதுகும் அரக்க முதுகாக இருந்தாக வேண்டும். படச்சட்ட மேடைக்கு வந்த பிறகு முன்பக்கம் மட்டும் அரக்கனாக இருந்தால் போதும் என்றாயிற்று.

தென்மோடியில் உடுப்பு இலேசு. பாட்டு இழுபடும், தாளக்கட்டு நீளும், ஆட்டத்தில் நுணுக்கம் கூடும். அரம்பையரும் கந்தருவரும் அந்த நடைக்கு வாய்ப்பாக அமைவார்கள். அரக்கனைத் தென்மோடியில் தேடிப் போகிறவர் ஏமாறுவார். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் கூத்துகளில் சம்மனசு என்ற வானதூதரும் பசாசு என்ற பேயும் வருகின்றனர். வேதம் மாறினாலும் மேலுலகம், கீழுலகம் என்ற பிரிப்பு அப்படியே இருக்கிறது.

வன்னியில் நேர்த்திக்காக ஆடப்படும் காத்தவராயன் கூத்து வேறொரு பள்ளி. அதன் சிந்துநடையில் துள்ளலும் சுழற்சியும் கிடையாது. மெல்லிய ஒரு நடைதான் தொடக்கம் முதல் முடிவு வரை. மாரியம்மனுக்கும் அதுதான், நாரதருக்கும் அதுதான். அப்படியென்றால் தெய்வத்தையும் மனிதனையும் எதைக்கொண்டு பிரிப்பது? மெட்டும் குரலும் அதைச் செய்கின்றன. ஆதிக்காத்தான், பின்காத்தான் என்று ஒரே பாத்திரத்தை ஆள் மாற்றி ஆடுகிறார்கள். முகம் மாறுகிறது, உடல் பருமன் மாறுகிறது, காத்தான் மட்டும் மாறுவதில்லை. பார்ப்பவரின் நம்பிக்கையை இவ்வளவு தாராளமாகக் கடன் கேட்கும் கலை வேறு உண்டா தெரியாது. அந்தக் கடன் ஒவ்வொரு இரவும் கிடைத்தும் விடுகிறது.

முல்லைத்தீவுக்கு உரியதாகச் சொல்லப்படுவது முல்லைமோடி. அதில் பேர்பெற்றது கோவலன் கூத்து. இளங்கோவடிகளின் கதையை மட்டும் படித்தவருக்கு ஈழத்துக் கண்ணகி கதை திகைப்பைத் தரும். பண்டிதர் வி. சீ. கந்தையா பதிப்பித்த 'கண்ணகி வழக்குரை'யைப் புரட்டினால், நெற்றிக்கண்ணுள்ள பாண்டியனும், மாங்கனியாக வந்து பிள்ளையாகும் கண்ணகியும், பெட்டியில் வைத்துக் கடலில் விடப்படும் குழந்தையும், சிலம்புக்கு நாகமணி தேடிப் போகும் மீகாமனும் வரிசையாக வருகிறார்கள். அறிவியல் புனைகதை எழுதுகிறவர்கள் எட்டிப் பார்க்க வேண்டிய இடம்.

இந்தக் கதையில் கண்ணகி வெளியிலிருந்து வந்தவள். அவளுக்கு மட்டும் அது தெரியாததுபோல மனிதப் பெண்ணாக வாழ்கிறாள். அதனால் கண்ணகி வேடம் அரக்க வேடத்தை விடக் கடினம். அரக்கன் வரவிலேயே தன்னைக் காட்டிவிடுவான். கண்ணகி வழக்குரைக்கும் இடம் வரைக்கும் மனிதப் பெண்ணாகவே இருந்து, பாண்டியன் முன்னால் சிலம்போடு நிற்கும்போது மெல்ல மெல்ல மாற வேண்டும். அந்த இடத்தில் தலையை விரித்துக் கத்தினால் போதும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. கத்தல் கோபத்தைக் காட்டும், தெய்வத்தைக் காட்டாது. அடியெடுப்பு நிதானப்பட, தாளம் இறுகிக்கொண்டு போக வேண்டும்.

முகமூடியை நம்பிய மரபுகளையும் குறைத்துச் சொல்வதற்கில்லை. தஞ்சை மாவட்டத்து மெலட்டூர் பாகவத மேளாவில் நரசிங்கத்தின் முகமூடி கோயிலில் பூசை பெறுவது. அதை அணிபவர் விரதம் இருக்கிறார். தென்னிலங்கைச் சிங்களவரின் சன்னி யக்கும சடங்கில் நோய்ப் பேய்கள் 18; ஒவ்வொன்றுக்கும் தனி முகம். அங்கே முகமூடிதான் ஆள். அணிபவர் அதற்குக் கால் கொடுக்கிறார். தமிழ்நாட்டின் புரிசைத் தெருக்கூத்திலோ இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னாலிருந்து முதலில் பாட்டு வரும், வண்ணம் தீட்டிய முகமும் மரக்கட்டை அணிகளும் பிறகு. நமது அண்ணாவிமார் இந்த வழிக்கெல்லாம் போகாமல் மத்தளத்தை நம்பினார்கள். வசதியின்மை ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் வசதியின்மையிலிருந்து ஒரு தரம் பிறந்துவிட்டது.

அந்தத் தரத்துக்கு இப்போது சோதனை. கடைகளில் பிளாஸ்டிக் கொம்பு கிடைக்கிறது, நைலோன் சடை கிடைக்கிறது. வண்ண விளக்கும் புகையும் வாடகைக்கு வருகின்றன. ஒலிவாங்கி முன்னால் நின்று பாடவேண்டியிருப்பதால் ஆட்டக்காரன் ஓரிடத்தில் முளையடித்த மாதிரி நின்றுவிடுகிறான். உடுப்பில் செருகும் ஒலிவாங்கி வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. கொம்பை நான் வெறுக்கவில்லை. கொம்பு வந்ததும் மிதி போய்விடுகிறது என்பதுதான் முறைப்பாடு.

2009இல் போரால் இந்த நந்திக்கடல் கரையெல்லாம் இடம்பெயர்ந்தபோது வீடுகளோடு கூத்துக் கொப்பிகளும் போயின. பாட்டைப் பல ஊர் வாய்களிலிருந்து திரும்பவும் எழுதிக்கொள்ளலாம். அரக்கனின் அடியோ எந்தக் கொப்பியிலும் எழுதப்பட்டதில்லை. அது வயதான அண்ணாவிமாரின் முழங்காலில் இருக்கிறது, அந்த முழங்கால்கள் இப்போது நோகின்றன. வற்றாப்பளையின் வைகாசிப் பொங்கலை ஒட்டிக் கூத்துப் பிடிக்க வரும் கமராக்காரத் தம்பிமாரிடம் ஒரு வேண்டுகோள்: ஒரு கமராவை முழு இரவும் கால்களுக்கு நேரே வையுங்கள். முகத்தைக் கைத்தொலைபேசியில் பிடிக்க ஊரில் எல்லாரும் இருக்கிறார்கள்.