அமைதிவாதி என்னும் சொல்

போரை எதிர்ப்போரைக் குறிக்கும் 'பசிபிஸ்ட்' என்னும் மேலைச் சொல்லை நாம் 'அமைதிவாதி' என்று எழுதி வருகிறோம். இச்சொல் நமக்கு நிறைவு தரவில்லை. வகுப்பில் ஆசிரியரும் கோவிலில் உபதேசியாரும் 'அமைதி, அமைதி' என்பது எதற்காக? வாய்மூடச் சொல்வதற்குத்தானே! அவ்வோசை காதில் இருக்க, அமைதிவாதி என்றதும் வம்புக்குப் போகாத, வாய் திறவாத ஒரு சாதுவே மனக்கண்ணில் தோன்றுகிறார்.

மூலச்சொல் அவ்வாறு பிறக்கவில்லை. எமில் அர்னோ என்ற பிரெஞ்சு வழக்கறிஞர் 1901இல் அதனை முன்மொழிந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் கிளாஸ்கோவில் கூடிய உலக அமைதி மாநாட்டில் அது ஏற்கப்பட்டது. வேர் இலத்தீன்: 'பாக்ஸ்' அமைதி, 'ஃபாச்செரே' செய்தல். மலைப்பொழிவின் ஏழாம் பேற்றில் இலத்தீன் விவிலியம் ஆளும் 'பாச்சிஃபிச்சி'யும் இவ்விரண்டின் கூட்டே. நம் பொது மொழிபெயர்ப்பு அவ்விடத்தில் 'ஏற்படுத்துவோர்' எனச் செயலைக் காத்துள்ளது. 'வாதி'யில் அச்செயல் கழன்றுபோயிற்று.

கிளாஸ்கோவில் மாநாடு கூடியபோது பிரித்தானியா தென்னாப்பிரிக்காவில் போயர்களுடன் போரிட்டுக்கொண்டிருந்தது (1899-1902). சிறைப்பட்ட போயர்கள் கடல் கடந்து இந்தியாவுக்கும் அனுப்பப்பட்டனர். அவர்களுக்கான முகாம்களுள் ஒன்று நம் கேத்தியில் இருந்தது. அங்கே தாய்நாட்டில் அவர்தம் பெண்டிரும் பிள்ளைகளும் வேறு முகாம்களில் அடைபட்டு, 26,000 பேருக்கு மேல் நோயாலும் பசியாலும் மடிந்தனர். கறுப்பின மக்களைத் தனி முகாம்களில் அடைத்தனர். அங்கு மாண்டோரும் பல்லாயிரவர்.

எமிலி ஹாப்ஹவுஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி அம்முகாம்களை நேரில் கண்டு 1901இல் அறிக்கை எழுதினார். அவ்வாண்டே மீண்டும் சென்றவரைக் கேப் டவுனில் கரையிறங்க விடாது திருப்பி அனுப்பினர். டிசம்பரில் பர்மிங்காமில் போரைக் கண்டித்துப் பேசச் சென்ற லாயிட் ஜார்ஜ், மண்டபத்தைச் சூழ்ந்து கல்லெறிந்த கும்பலிடமிருந்து போலீஸ்காரர் உடையில் தப்பினார். (அவரே பின்னர்ப் பிரதமராகி முதல் உலகப் போரை நடத்தினார் என்பது வேறு கதை.) இத்தகையோருக்கு நாட்டார் இட்ட பெயர் 'போயர் ஆதரவாளர்'. எதிரியின் ஆள் என்பதே அதன் உட்பொருள்.

இவர்களை அமைதிவாதிகள் என்றால் அந்தக் கல்லெறிக்குக் காரணம் விளங்குமா? சும்மா இருப்பவரை யார் அடிப்பர்? 'போர் மறுப்பாளர்' என்பதும் பாதிதான். அதில் மறுப்பு உண்டு, ஆக்கம் இல்லை. 'அமைதி ஆக்குவோர்' சற்றே நீளம், நாவில் இடறவும் செய்யும். ஆயினும் நாம் அதையே எழுத விரும்புகிறோம். போர் முடிந்தபின் ஹாப்ஹவுஸ் போயர்களின் நாட்டுக்குத் திரும்பிச் சென்றார். வீடிழந்த குடும்பங்களின் பெண்மக்கள் நூற்கவும் நெய்யவும் கற்க, 1905இல் அங்கே பள்ளி தொடங்கினார்.